எடம்தான் கெடக்கே!

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் என் சின்னக் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே தலையை விட்டுப் பார்த்த சித்தப்பா சொல்கிறார்: "என்னலே, இவ்வளவு எடம் கெடக்கு! இதப் போயி நெறஞ்சிட்டுங்க?"

எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். சித்தப்பாவின் கண்ணில் ஒரு சாண் இடம் பட்டுவிட்டால் அங்கே ஏதாவது ஒன்று உட்கார்ந்தே தீரும்.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு. உரித்த தேங்காய் நாற்பது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயுமாக 15 லிட்டர். துணிப் பெட்டி நான்கு. முறுக்கு, அதிரசம், மனோகரம் என்று டின் டின்னாக. ஒரு வாழைத்தார். புளியங்குடி சந்தையிலிருந்து வந்த எலுமிச்சை ஒரு பை. வழியில் குடிக்க 5 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. மதுரையிலும் திருச்சியிலும் தண்ணீரே கிடைக்காது பாருங்கள். இத்தனைக்கும் பிறகு அம்மா, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை விட்டுக் கொல்லையிலிருந்து தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள், அம்மியை.

"எதுக்கும்மா இது?"

"மிக்ஸியில அரைச்சா அது சட்டினியாய்யா? ஓரமாத்தான வைக்கப் போறோம்."

ஓரமாக வைத்தால் கல்லுக்கு எடை போய்விடும் போல. நான் முகத்தைச் சுளித்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஊரிலிருந்து ஏற்றிவிடுவதை வேண்டாம் என்று சொல்வது, பந்தியில் பாதியில் எழுந்திருப்பதற்குச் சமம். எனவே அம்மி ஏறியது.

பிறகு அத்தை. அவளுக்குச் சென்னையில் கண்புரை பார்க்க வேண்டும். அடுத்த மாதம் ரயிலில் கூட்டிப் போகிறேன் என்றேன். "வண்டியில ஒரு சீட்டு சும்மாதான மருமவனே போவுது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டு சும்மாதான் போகிறது.

நம் ஆட்களுக்கு வண்டி என்றால் இடம். இடம் இருந்தால் ஏற்றலாம். இடம் இல்லையென்றால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இடம் செய்துகொண்டு ஏற்றலாம். எடை என்று ஒன்று இருக்கிறதே, அது லாரிக்காரன் கவலை. கார் கம்பெனிக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. விளம்பரத்தில் டிக்கி இத்தனை லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அண்டாவுக்குச் சொல்வது மாதிரி லிட்டர். அதில் எத்தனை கிலோ வைக்கலாம் என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில், தலைவலி மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைவிடச் சிறியதாக இருக்கும்.

அந்தக் கையேட்டை எங்கள் வீட்டில் பிரித்துப் பார்த்த ஒரே ஆள் நான். காலி வண்டி 890 கிலோ. ஆளும் சாமானுமாகச் சேர்த்து மொத்தம் 1,340 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆக, ஏற்றிக்கொள்ள அனுமதி 450 கிலோ. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் இதில் முதல் சாமானே நாம்தான். நான் 80. பையன் 52. பெண் 31. அத்தை 58. மனைவியின் எடையை இங்கே எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து 285 என்று வைத்துக்கொள்வோம். யாரும் கழித்துப் பார்க்க வேண்டாம். மிச்சம் 165 கிலோ. அதற்குள்தான் அரிசி, எண்ணெய், அம்மி, அன்பு எல்லாம்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. "வண்டி தாங்கும்லே, இரும்புதான?" என்றார் சித்தப்பா. எனக்கு வீம்பு வந்துவிட்டது. ராஜபாளையம் தாண்டி, லாரிகள் நிற்கும் ஒரு எடை மேடையில் வண்டியைக் கொண்டுபோய் ஏற்றினேன். உள்ளே இருந்தவர் வெளியே வந்து, பின்னால் ஏதாவது டிராக்டர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "காரையா சார் எடை போடணும்?" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்தார். 1,390 கிலோ. 50 கிலோ அதிகம்.

சீட்டை வண்டிக்குள் நீட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "இதுக்கு ஐம்பது ரூபாயா? ஏங்க, காபி குடிச்சிருக்கலாம்" என்றாள். அத்தை, "நல்ல நாளும் அதுவுமா எடை போடக் கூடாது, கண்ணு பட்டுரும்" என்றாள். எதையும் இறக்கிவிட வழி இல்லை. யாரை இறக்குவது, அம்மியையா அத்தையையா? முடிந்தது ஒன்றுதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அம்மியையும் அரிசியையும் டிக்கியின் அடித்தட்டில் பின்சீட்டை ஒட்டித் தள்ளி, லேசான டின்களை மேலே வைத்தேன். கனமானது கீழே, நடுவை ஒட்டி. இதைத் தலைச்சுமைக்காரர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும், உடனே தெரிந்துவிடும். காரில் கழுத்து இல்லை, பானெட் இருக்கிறது. அது தூக்குவது நமக்குத் தெரிவதில்லை. எதிரே வருபவனுக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

அடுத்து காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு மூன்று பேர் போனால் எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். என் வண்டிக்கு சாதாரணமாக 30; முழுச் சுமை என்றால் பின் டயருக்கு 36. பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயோடு நின்ற தம்பியிடம் "பின்னால 36" என்றேன். "எல்லா வண்டிக்கும் 32தான் சார் வைப்போம்" என்றான். ஸ்டிக்கரைக் காட்டினேன். கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும் என்பது போல ஒரு பார்வை. பக்கத்தில் நின்றவர் வேறு கேட்காமலே யோசனை சொன்னார்: "லாங் போறீங்க, ரோடு சூடு. காத்தக் குறைச்சு வைங்க, இல்லாட்டி வெடிச்சிரும்."

இந்த ஒரு நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காற்று குறைந்த டயர்தான் வெடிக்கும். சுமை அழுத்த அழுத்த, டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடேறுமே, அந்தக் கதைதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் டயர் நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மடக்கு. சூடு ரோட்டிலிருந்து ஏறுவதைவிட டயருக்குள்ளேயே பிறப்பதுதான் ஆபத்து. இதை அந்த நல்ல மனிதருக்கு விளக்கத் தொடங்கினேன். மனைவி ஹாரன் அடித்துக் கூப்பிட்டாள்.

மதுரையில் "அஞ்சு நிமிஷம்" என்று சொந்தக்காரர் வீட்டில் இறங்கியது இரண்டரை மணி நேரம் ஆனது. கிளம்பும்போது அவர்களும் ஒரு பை கொடுத்தார்கள். நான் எதுவும் பேசவில்லை.

துவரங்குறிச்சி தாண்டும்போது மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்லவா வேண்டும். வாழைத்தாரும் ஒரு பெட்டியும் மேலே கேரியரில், சித்தப்பா கட்டிய கயிற்றில். அவர் வைக்கோல் போர் கட்டுகிற ஆள்; அவிழாது. ஆனால் அவிழாமல் இருப்பது மட்டும் போதாதே. கூரைமேல் பத்து கிலோ ஏறினாலும் வண்டி ஆள் மாறிவிடும். வளைவில் ஒரு கணம் தயங்கிச் சாயும். ஆம்னி பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு முந்தினால் அந்தக் காற்றில் வண்டி தள்ளாடி நிற்கும். தினமும் அலுவலகத்துக்கு நான் ஒருவனாக ஓட்டும்போது வண்டி 970 கிலோ. இன்றைக்கு அதைவிட 420 கிலோ அதிகம். பிரேக் அதே பிரேக். காலும் அதே கால். தினசரிப் பழக்கத்தில் கால் ஓரிடத்தில் மிதிக்கும். வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். மழையில் அந்தக் கொஞ்சம் நிறையவாகிவிடும்.

அதனால்தான் முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவே இடம் விட்டு ஓட்டினேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் போகிறது. காய்ந்த ரோட்டிலேயே மூன்று விநாடி இடைவெளி வேண்டும் என்பார்கள். இந்தச் சுமைக்கும் மழைக்கும் அதை இரட்டிப்பாக்கினால் 130 மீட்டருக்கு மேல். இதற்கு நடந்தது என்ன தெரியுமா? நான் விட்ட இடத்தைப் பார்த்த பின்வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் உள்ளே இருந்த சித்தப்பா விழித்துக்கொண்டார். எவ்வளவு எடம் கெடக்கு! இடப்பக்கமிருந்து ஒருவர் நுழைந்தார். நான் வேகத்தைக் குறைத்து மறுபடியும் இடைவெளி உண்டாக்கினேன். அதற்குள் இன்னொருவர். விராலிமலை வருவதற்குள் பதினோரு வண்டிகளுக்கு நான் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பையன் எண்ணிக்கொண்டே வந்தான். "நீங்க ஏம்ப்பா எல்லாருக்கும் வழி விட்டுக்கிட்டே இருக்கீங்க, பயமா?" என்றான். ஆமாம், பயம்தான்.

அதில் பாதிப் பேர் நான்கு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே ஓட்டினார்கள். அந்த ஹசார்ட் விளக்கு, வண்டி ரோட்டில் கெட்டு நின்றுவிட்டால் போடுவதற்கு. நம் ஊரில் முதலில் அதை நாற்சந்தியில் "நான் நேரே போகிறேன்" என்பதற்குப் போட்டார்கள். பிறகு கல்யாண ஊர்வலத்துக்குப் போட்டார்கள். இப்போது மழைக்கும் போடுகிறார்கள். நான்கும் மினுக்கினால், அவர் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறார் என்று எந்தச் சாமியாடி வந்து சொல்வது? ஓடுகிறாரா, நிற்கிறாரா என்றே தெரியவில்லை. நிஜமாகவே ரோட்டோரம் நின்ற ஒரு லாரிக்கோ விளக்கே இல்லை. பின்னால் ஒரு வேப்பங்கிளையும் இரண்டு கல்லும். பகலில் அது எச்சரிக்கை. மழை இரவில் கிளையும் தெரியாது, கல்லும் தெரியாது, லாரியும் தெரியாது.

ஓரிடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது கண்ணில் படவில்லை. ஸ்டியரிங் திடீரென்று கையில் பஞ்சாகிவிட்டது. டயருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டி மிதக்கிற நேரம் அது. டயர் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் வெளியேறினால்தான் ரப்பர் ரோட்டைத் தொடும். அந்தப் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது உத்தமம். நான் செப்டம்பரிலேயே மாற்றியிருந்தேன். "நல்லாத்தானங்க இருக்கு, தீபாவளிச் செலவ வச்சிக்கிட்டு இப்ப எதுக்கு?" என்று அப்போது வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே விவரிக்க வேண்டாம். அந்தக் கணம் பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். ஒரு மூச்சு நேரம். டயர் ரோட்டைத் தொட்டது. பின்சீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். புதுச் சங்கதி ஒன்று மட்டும்: பை சரிந்து ஓர் எலுமிச்சை உருண்டு என் காலடிக்கு வந்திருந்தது.

வண்டி வாங்கிய அன்று டயருக்கடியில் நான்கு எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம், ஆபத்து வரக் கூடாதென்று. அதே பழம் பிரேக்குக்கு அடியில் வந்தால் யாரைக் கும்பிடுவது? எலுமிச்சையாவது மிதித்தால் நசுங்கிவிடும். தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தால் பிரேக் பாதியில் நின்றுவிடும். பையைக் கட்டி வையுங்கள் என்று ஊரிலேயே சொன்னேன். பையைக் கட்டுவது இருக்கட்டும், ஆளையே கட்ட முடியவில்லை. பின்சீட்டு பெல்ட்டைப் போடச் சொன்னதற்கு அத்தை, "என்னையக் கட்டிப் போடவா பாக்க? நான் என்ன கெடாக்குட்டியா?" என்றாள். பின்சீட்டுக்காரர்களும் பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது சட்டம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லாரும் போட்டார்கள். எங்கள் வண்டியில் இப்போது பெல்ட்டின் கொக்கியைத் தேடினால் அதன்மேல் அதிரச டின் இருக்கிறது.

பெரம்பலூர் தாண்டி இருட்டிவிட்டது. எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் என்னைப் பார்த்து விளக்கை மினுக்கின. நானோ லோ பீமில்தான் போகிறேன். திட்டிக்கொண்டே போனவன், சாலையோரம் டீக்கு நிறுத்தி முன்னால் வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பின்பாரத்தில் வண்டியின் மூக்கு தூக்கியிருக்கிறது. என் லோ பீம் எதிரே வருபவர் கண்ணுக்கு நேரே அடிக்கிறது. நாள் முழுக்க ஊரைத் திட்டிக்கொண்டு வந்தவன், அரை மணி நேரமாக ஊர்க் கண்ணையெல்லாம் கூச வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்கு மேலே, 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பாரத்துக்குத் தக்கபடி ஹெட்லைட்டைக் கீழே இறக்குவதற்கு. ஏசிக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி விற்றவர் ப்ளூடூத்தில் பாட்டு கேட்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார், இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மூன்றுக்குத் திருகினேன். அதன்பிறகு யாரும் மினுக்கவில்லை.

இதெல்லாம் சமதளத்தில். இதே வண்டி, இதே குடும்பம், கூட மச்சினன், போன மே மாதம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஏசியை அணைத்து, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிவிட்டோம். இறங்கும்போதுதான் மச்சினனுக்கு ஞானம் பிறந்தது. "அத்தான், நியூட்ரல்ல விடுங்க. பெட்ரோல் மிச்சம்." எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் காலம் காலமாகச் சொல்வது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்பதற்காக. நியூட்ரலில் விட்டால் ஆயிரத்து முந்நூறு கிலோவையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் சூடேறி, கருகல் வாடை அடித்து, அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. பெட்ரோலும் மிச்சமாகாது: கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோல் பீய்ச்சுவதையே நிறுத்திக்கொள்கின்றன, நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். சொன்னேன். "எங்க ஆபீஸ் டிரைவர் அப்படித்தான் அத்தான் ஓட்டுவார்" என்றான். எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு வண்டி நாற்பதாவது வளைவில் சக்கரத்தில் புகையோடு நின்றிருந்தது. மூன்று பேர் அதன்மேல் குடிநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர்! மச்சினன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

சென்னை வந்து சேர்ந்தபோது இரவு 1 மணி. இறக்குவதற்கு அரை மணி நேரம். அம்மியைத் தூக்க வாட்ச்மேன் அண்ணனை எழுப்ப வேண்டியிருந்தது. "ஊர்ல இருந்து கல்லு கொண்டு வந்தீங்களா சார்?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. அவருக்குப் பத்துத் தேங்காய் கொடுத்தோம். வாழைத்தாரில் பாதி மழையிலும் காற்றிலும் கறுத்துப் போயிருந்தது. வண்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பின்பக்கம் இரண்டு விரற்கடை எழும்பி நின்றது. அது பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன் என்று சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

காலையில் அம்மா போன் செய்தாள்.

"நல்லபடியா போய்ச் சேந்தியளா? மழையாம்லா."

"சேந்துட்டோம்மா."

"அம்மிய எங்க வச்சிருக்க?"

"பால்கனியில."

"ஏய்யா, நான் ஒரு கிறுக்கச்சி. குழவிய வைக்க மறந்துட்டேன்யா. இங்க கொல்லையிலயே கெடக்கு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது கிலோ கல்லை 600 கிலோமீட்டர் சுமந்து வந்திருக்கிறேன். அதில் அரைக்கக் குழவி இல்லை.

"அதனால என்ன, இன்னிக்கு ராத்திரி ஆம்னி பஸ்ல போட்டு விடச் சொல்லுதேன் சித்தப்பாகிட்ட. கிளாம்பாக்கத்துல போயி வாங்கிக்க. ஒத்தக் குழவிதான, என்ன எடை இருந்துறப் போவுது?"